அறைந்தான், புள்ளி

எனக்காகத் தொண்டை வலிக்க வாசித்த மரகதத்துக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளுக்குக் கடிதம் எதற்கு என்று இருந்துவிட்டேன். இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள் என்பதால் கோதையிடம் கேட்டேன். "எழுதுங்கப்பா. ஆனா அம்மாகிட்ட எதையும் மறைக்காம எழுதுங்க" என்றாள். எனக்கு அப்படி எழுத வருமா, தெரியவில்லை.

நம் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள், மரகதம். மூன்று மாதம் ஆகிறது.

ஒரே ஒரு பையோடு வந்தாள். கதவைத் திறந்து "வா கண்ணு" என்றேன். எனக்கு இடப்பக்கத்தைக் காட்டிச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள்தான் தெரிந்தது, அவளுக்கு இடது காது கேட்பதில்லை.

காது டாக்டர், "அடி ஏதாவது பட்டுச்சாம்மா?" என்று கேட்டார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டனுங்க" என்றாள். வெளியே வந்து மருந்துக்கடையில் நிற்கும்போது, சீட்டைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "மூணு தடவைங்கப்பா. மூணும் ஒரே பக்கம்."

அப்போது எனக்கு அவள் புருஷன் முகம் நினைவுக்கு வரவில்லை. நம் கூடத்து மேஜைதான் வந்தது.

உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். உக்கடத்தில் ஒரு அச்சகத்துக்கு நான் மாத நாவல்களில் பிழை திருத்திக் கொடுத்தேன். சாயங்காலம் நீ கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பாய். நான் அச்சான தாளில் வரிவரியாகச் சரிபார்ப்பேன். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று கமா, புள்ளி எல்லாவற்றையும் சொல்லித்தான் வாசிக்க வேண்டும்.

"மில் முதலாளியின் மகன் அவளைக் கன்னத்தில் அறைந்தான், புள்ளி. அந்த வலியிலும் அவன் காதலை உணர்ந்தவள், கமா, சிலிர்த்தாள், ஆச்சரியக்குறி."

தாளைக் கீழே வைத்தாய். "ஏனுங்க, அறை வாங்குனவளுக்குச் சிலிர்க்குமாங்க? எரியாதுங்களா?"

"கதையில அப்படித்தான் இருக்கும். மேல வாசி."

"இந்தத் தறுதலைய நம்ம புள்ளைக்குக் கட்டி வெப்பீங்களா?"

நான் சிரித்தேன். ஆனால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். மறுநாள் அச்சகத்துக்குக் கொண்டுபோகும் முன் ரப்பரால் அதை அழித்தேன். எழுத்தைத் திருத்தத்தான் என்னை வைத்திருக்கிறார்கள், கதாநாயகனைத் திருத்துவதற்கு இல்லை என்பது என் நியாயம். எத்தனை தாள்களில் அப்படிப் போட்டு அழித்தேன்! வேண்டாம் என்றவளின் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பவன், சம்மதம் கேட்காமல் கோயிலில் தாலி கட்டுகிறவன், சந்தேகப்பட்டு அறைக்குள் பூட்டுகிறவன். இருபத்தெட்டாம் அத்தியாயத்தில் அவன் கண்கலங்குவான். அவள் மன்னிப்பாள். சுபம்.

உனக்குத் தொண்டை கட்டிய நாட்களில் யார் வாசித்தது என்று நினைவிருக்கிறதா? கோதை. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. உன்னைப்போல் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கமாட்டாள். "என்னமாய் வாசிக்கிறாள், ஒரு தடங்கல் இல்லை" என்று நான் பாராட்டினேன். அந்தப் பாராட்டை இப்போது நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

அந்தக் கதைகளால்தான் எல்லாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கதையே படிக்காத வீடுகளிலும் அடி விழுகிறது. எழுதியவர்களும் கெட்டவர்கள் இல்லை. ஆனால், அவள் சூலூரில் வேலைக்குப் போன காலத்தில் அந்தப் பையன் தினமும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே சிங்காநல்லூர் வரைக்கும் பைக்கில் வந்தானே, இரண்டு தடவை இவள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்ற பிறகும் நம் வீட்டு எதிரில் மழையில் நின்றானே, அப்போது நான் அவனை எங்கேயோ பார்த்த மாதிரி உணர்ந்தேன். பழகிய ஆள் மாதிரி. பயமே வரவில்லை. கோதைக்கும் மெதுவாகப் பயம் போய்விட்டது.

நீ மட்டும் கேட்டாய். "வேண்டாம்னு சொன்ன புள்ளைக்குப் பின்னாலயே வாரானே, இது ஆசைங்களா, புடிவாதமுங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றேன். அவனுக்கே கட்டிக்கொடுத்தேன்.

தமிழ் படித்தவன் சொன்ன பதில், மரகதம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் நீ கடைசியாக என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "போன்ல அவ கொரல் சரியில்லீங்க. ஒருக்கா போயிப் பாத்துட்டு வாங்க." சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வீட்டுக்குப் போவது முறையில்லை என்று நான் போகவில்லை. போனில் கேட்டேன். "நல்லா இருக்கறனுங்கப்பா" என்றாள். நல்லா இருக்கிறாளாம் என்று உன்னிடம் வந்து சொன்னேன். நீ என்னையே பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நம்பினாயா? இதை யாரிடம் கேட்பது?

அவள் வந்த பிறகு பரணிலிருந்து பழைய நாவல்களை இறக்கி, முறைப்படி ஒவ்வொன்றாக மறுபடி படித்தேன். அவற்றில் விழுந்த அறைகளில் ஒருத்திக்குக்கூடக் காது கேட்காமல் போகவில்லை. ஒருத்தியும் டாக்டரிடம் பொய் சொல்லவில்லை. ஒருத்தியின் அப்பனும் மருந்துக்கடையில் நிற்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். பழம், பூவெல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். உன் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டான். பிறகு, "கோவத்துல கை நீண்டுபோச்சுங்க மாமா. அவ மேல உசுரையே வெச்சிருக்கறனுங்க. கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். கண்கலங்கினான். இருபத்தெட்டாம் அத்தியாயம். எனக்கு அடுத்த வரி தெரியும்.

கோதை சமையலறை வாசலில் நின்றாள். கிளம்பிவிடுவாளோ என்று இருந்தது. அவள் கண் அவன் மேல் இல்லை, என் மேல் இருந்தது. உன் படத்தைப் பார்த்தேன். பேசிவிட்டேன்.

"அவ வர மாட்டாளுங்க மாப்ள. போயிட்டு வாங்க."

வாய்ப் பழக்கம். சொன்ன உடனே எனக்கே உறுத்தியது. "இல்லீங்க. போங்க. இனி வர வேண்டாமுங்க."

கோதை கேட்டாள்: "என்னங்கப்பா சொன்னீங்க?"

அவளுடைய இடப்பக்கம் நின்றிருக்கிறேன். அதிலும் வழக்கம்போல மெதுவாகச் சொல்லியிருக்கிறேன். நடந்துபோய் அவளுக்கு வலப்பக்கம் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். "உன்ன அனுப்ப மாட்டேன்னு சொன்னேன் கண்ணு."

அவன் போன பிறகு அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அம்மா இருந்தா நம்பவே மாட்டாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. நீ கேட்ட அன்றைக்கே இதே சத்தத்தில் சொல்லியிருக்கலாம், இல்லையா?

அச்சகக்காரரின் மகன் இப்போது செல்போனில் படிக்கும் கதைகளைத் திருத்த அனுப்புகிறான். மில் முதலாளி மகன் போய், சாப்ட்வேர் கம்பெனி முதலாளி வந்திருக்கிறான். மணிக்கட்டு அதே மணிக்கட்டுதான். கோதையே வாசிக்கிறாள். நேற்று ஓரிடத்தில் அவளாகவே நிறுத்தி, "எரியுமுங்கப்பா" என்றாள்.

கேள்விக்குறி போட்டேன், மரகதம். அப்படியே அனுப்பிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும். இனி எதையும் அழிக்க மாட்டேன். அவளுக்கு வலப்பக்கமே உட்காருவேன்.

இப்படிக்கு,
நீ "ஏனுங்க" என்று கூப்பிட்டும் திரும்பாமல் இருந்த,
கோதையின் அப்பா