மீனை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்

டெட்ராய்ட்,
20 ஜூலை 1964

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். கார் தொழிற்சாலையில் என்னை மின்சுற்று வரைபடப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. குடியரசுக் கட்சியை விட்டு வெளியே வாருங்கள். கறுப்பர்களான நாமும் வெள்ளையரும் ஒரே கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிறது புதுச் சட்டம். அதை எதிர்த்து வாக்களித்தவரைத்தான் உங்கள் கட்சி அதிபர் வேட்பாளராக நிறுத்தியிருக்கிறது. அடிமைத்தனத்தை ஒழித்த கட்சி என்று இன்னும் எத்தனை காலம் சொல்வீர்கள்? கம்பி அறுந்த பிறகு ஸ்விட்சைப் போட்டு என்ன பயன்?

இங்கே நான் ஜனநாயகக் கட்சிக்காக வீடு வீடாகப் போகிறேன். அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு நீங்கள் போனால், ஆகஸ்டில் நாங்கள் ஊருக்கு வரமாட்டோம். பேத்தியை நீங்கள் புகைப்படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வெண்டல்


ஜார்ஜியா,
3 ஆகஸ்ட் 1964

அன்பு மகன் வெண்டலுக்கு,

அம்மா சுகம். உன்மேல்தான் வருத்தம்.

உன் தாத்தாவை வாக்குச்சாவடி வாசலில் அடித்து விரட்டியவர்கள் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். எங்கள் ஷெரிஃபும் அந்தக் கட்சிதான். அவன் பக்கத்தில் போய் உட்காரச் சொல்கிறாயா? அதனால் கூட்டத்துக்குப் போனேன்.

எப்போதும் நம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும். மாவட்டச் செயலாளன் என்பதால் மீன் வறுவல் என் பொறுப்பு. இந்த முறை, புதிதாகச் சேர்ந்த வெள்ளையர்கள் தங்கள் கிளப்புக்கு மாற்றிவிட்டார்கள். நான் கோட்டும் டையுமாக, மீன் தட்டோடு போனேன். வாசலில் ஷெரிஃபின் அண்ணன் மகன் நின்றான். போன வருடம்வரை ஜனநாயகக் கட்சி. இப்போது சட்டையில் நம் கட்சியின் யானைச் சின்னம். உன் வயதுதான்.

"சமையல்கட்டு பின்னால இருக்கு, ஹோசியா" என்றான். நான் செயலாளர் என்றேன்.

"அதெல்லாம் மாத்தியாச்சு. மீனை வச்சிட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தேன். தட்டை ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று உன் அம்மா இன்னும் திட்டுகிறாள்.

வெளியே வரச் சொன்னாய். வெளியேதான் நிற்கிறேன்.

அப்பா


டெட்ராய்ட்,
12 ஆகஸ்ட் 1964

அன்புள்ள அப்பாவுக்கு,

'நான்தான் சொன்னேனே' என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் எங்கள் வார்டு செயலாளர் ஸ்டான் வந்துவிட்டார். வெள்ளைக்காரர், அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக என்னோடு தெருத்தெருவாகத் துண்டறிக்கை கொடுத்தவர். அவர் தெருவில் நாங்கள் ஒரு வீட்டைப் பார்த்து விலை பேசி முடித்தது அவர் காதுக்குப் போயிருக்கிறது. காபி குடித்தார். குழந்தையைக் கொஞ்சினார். பிறகு சொன்னார்:

"வெண்டல், அந்தச் சட்டம் தெற்கத்திக்காரங்களுக்குப்பா. நம்ம தெருவுக்கு எதுக்கு?"

உங்கள் மருமகள் ரூத் அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

வீட்டை வாங்கத்தான் போகிறேன். கட்சியையும் விடப்போவதில்லை. நாளை வார்டு கூட்டம். ஸ்டானுக்குப் பக்கத்திலேயே உட்காருவேன். நவம்பரில் என் வாக்கும் மாறாது. உங்கள் வாக்கைப் பற்றி இனி நான் பேசமாட்டேன்.

நம்மை வேண்டாம் என்பவர்களுக்கு நடுவே இத்தனை வருடம் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள்? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். கடிதத்தில் எழுதாதீர்கள். வரும் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருகிறோம்.

குழந்தைக்குப் பல் முளைக்கிறது. தூக்கும்போது விரலைக் கொடுத்துவிடாதீர்கள், கடிப்பாள்.

வெண்டல்