மூன்று முறையும் ஒரே கோடு

ஊதும் அட்டைக் குழாய்களின் பெட்டியைப் பிரித்ததும் புது அட்டையின் வாசம் வந்தது. நாளை அறந்தாங்கியில் நர்சுகளுக்கு நுரையீரல் பரிசோதனைப் பயிற்சி. இந்த வாசத்தில் உங்கள் நினைவு வராமலிருந்தால் நன்றாயிருக்கும், சிஸ்டர். வருகிறது.

குன்றாண்டார்கோவில் வகுப்பில் நீங்கள் முன்வரிசை. நோயாளிகளிடம் போகும் முன் ஒருவரையொருவர் ஊதவைத்துப் பழக வேண்டும் என்பது நான் வைத்த வழக்கம். ஆறு நொடியாவது ஊத வேண்டும். உங்களுக்கு இரண்டே நொடியில் முடிந்தது.

"விடாதீங்க, இன்னும், இன்னும்!" என்று கத்தினேன்.

"அம்புட்டுதான் மேடம். உள்ள ஒண்ணும் இல்ல."

"பேசறதுக்கு மட்டும் எங்கேருந்து மூச்சு வருது?"

அறை சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்; அது இருமலில் போய் முடிந்தது.

மூன்று முறை ஊதினீர்கள். கருவியின் திரையில் மூன்று கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. சரியாக ஊதாதவரின் கோடுகள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் போகும். ஒன்றுபோல் வந்தால் அந்த நுரையீரலில் அவ்வளவுதான் இருக்கிறது என்று பொருள். அன்று காலைதான் அதைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள்.

உங்கள் பெயரை மறைத்து, 'தவறான ஊதல்' என்று தலைப்பிட்டு, அந்தக் கோடுகளின் படத்தை ஊர் ஊராக வகுப்புகளில் காட்டினேன். எல்லா ஊரிலும் சிரித்தார்கள்.

மறு வருடம் திருச்சியில் ஸ்கேன் எடுத்தபோது உங்கள் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கியிருந்தது. முன்பே வந்திருந்தால் நோயின் வேகத்தைக் குறைத்திருக்கலாம் என்றார்களாம். பார்க்க வந்தேன். உங்கள் கணவர் டீ கொடுத்தார்.

"மூச்சு வாங்குதுன்னு சொல்லும். ஆஸ்பத்திரிக்கு வான்னா, டெஸ்ட்டெல்லாம் எடுத்தாச்சு, எனக்குத்தான் ஊதத் தெரியலயாம்னு சிரிக்கும்."

ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த நீங்கள், "விடுங்க. மேடம் என்ன பண்ணுவாங்க," என்றீர்கள். அந்தக் கருணையை நீங்கள் காட்டாமலே இருந்திருக்கலாம். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினேன். பங்குனி பிறப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போதும் அதே படத்தைக் காட்டுகிறேன், தலைப்பை மாற்றி. பாடம் எடுத்த ஒருவர் இதைக் கவனிக்கத் தவறினார், ஒரு நர்சு செத்துப்போனார் என்கிறேன். யாரென்று சொல்வதில்லை. போன வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்:

"அந்தப் பாடம் எடுத்தவங்களை என்ன பண்ணாங்க, மேடம்?"

"ஒண்ணும் பண்ணல," என்றேன். "இன்னும் கிளாஸ் எடுக்கறாங்க."