நேற்றைய படத்தை ஒட்டிய பாவாவுக்கு

என் அக்காவைத் தனியே விட்டுப் போன, என் ஆத்திரம் இன்னும் ஆறாத பாவா,

காரியம் முடிந்து பொதட்டூர்பேட்டை சொந்தங்கள் பஸ் ஏறியதும், அக்கா உங்கள் சர்க்கரை நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். தினமும் விரலில் குத்திப் பார்த்து எழுதச் சொல்லி டாக்டர் கொடுத்த நோட்டு. பக்கம் முழுக்க ஒரே எண். நேற்று எழுதியதைப் பார்த்து இன்றும் எழுதியிருக்கிறீர்கள். யாரை ஏமாற்றினீர்கள்? கேட்டபோதெல்லாம், "ஆங், பார்த்துக்கினுதான் கீறேன் மச்சான், கண்ட்ரோல்ல கீது" என்றீர்களே, காலில் புண் அழுகும் வரைக்கும்.

வேலையிலும் இப்படித்தான் செய்தீர்களோ என்று தோன்றியது. மாடிக்கு ஓடி நம் வேலையைத் திறந்தேன். வடதுருவக் கடலில் பழைய பனி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று, செயற்கைக்கோள் நுண்ணலைப் பதிவிலிருந்து நாளுக்கொரு படம் போடுகிற வேலை. கோடையைத் தாண்டிய பனியில் உப்பு இறங்கியிருக்கும், காற்றுக் குமிழிகள் நிறைந்திருக்கும், அதனால் அது புதுப்பனியைவிட மங்கலாகத் தெரியும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான்.

குளிர்காலத்தின் நடுவே வெதுவெதுப்பான காற்று அடித்து மேல்பரப்பு நனைந்தால், பழையதும் புதிதுபோலத் தெரியும். மறுபடி உறைந்தால் பழையபடி ஆகிவிடும். அந்தச் சில நாட்களுக்கு நேற்றைய படத்தையே எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒரு மார்ச் மாதம் காற்று ஓய்ந்த பிறகும் அந்தப் பனி திரும்பவில்லை பாவா. காற்று அதை உண்மையிலேயே தெற்கே தள்ளிக்கொண்டு போய்விட்டது. நீங்கள் பாட்டுக்கு ஒட்டிக்கொண்டே போயிருக்கிறீர்கள். இல்லாத பனியை உலகத்துக்குக் காட்டியிருக்கிறோம்.

வேலை கொடுத்த ஆய்வுக் குழுவுக்கு எழுதப்போகிறேன் என்றதும் அக்கா வெடித்தாள்.

"செத்த மனுசன் பேர எதுக்குடா நாறடிக்கிற? அவர் இன்னா திருடினாரா?"

"பொய் எழுதினாருக்கா. நோட்டுலயும் எழுதினாரு, படத்துலயும் எழுதினாரு."

நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். பிறகு கேட்டாள்: "ரெண்டு பேரும் ஒரே ரூம்லதானடா இருந்தீங்க? நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

உங்கள் மேல் கோபம் கொதிக்கிறது. அழுகை வருகிறது, அதற்கும் சேர்த்து உங்கள் மேல்தான் கோபம். ஒருநாள், ஒரே ஒருநாள், கூட உட்கார்ந்து உங்கள் விரலை நானே பிடித்துக் குத்திப் பார்த்திருந்தால்?

கடிதம் நாளைக்குப் போகிறது. வேலையும் போகும், போகட்டும். ஒட்டிய நாட்களையெல்லாம் பிய்த்து எடுத்து, அங்கே 'தெரியவில்லை' என்று எழுதுவேன். உங்கள் பெயரை மறைக்க மாட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'சரிபார்த்தவர்' என்று இருக்கிற பெயரையும் மறைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒன்றையும் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்ட உங்கள் மச்சான்