வலப்பக்கம் போகவேண்டிய மாவு

மார்ச் 4
எங்கள் கப்பலுக்குப் பீரங்கியும் இல்லை, மிடுக்கும் இல்லை. எண்ணெய், குடிதண்ணீர், உருளைக்கிழங்கு, மாவு. போர்க்கப்பல்கள் பசித்து வரும். பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே குழாயும் கம்பியும் கட்டி ஊட்டிவிடுவோம். சாமான் கிடங்கு என் பொறுப்பு.

இன்று இரண்டு பக்கமும் விருந்தாளி. இடப்பக்கம் பெரிய கப்பல், வலப்பக்கம் சின்னது. சின்னதில் சமையல்காரர் நம்ம வழுக்கையார். அவர் மகளைத்தான் என் பையன் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். மனுஷன் இன்னும் பிடி கொடுக்கவில்லை. இரண்டு தளத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டும் ஒலிபெருக்கி போனில், மேல்தளத்தில் நின்றவரைப் பிடித்தேன்.

"என்னங்க, தொப்பி போடுங்க. வெயில் உங்க தலைல பட்டு எங்க பசங்களுக்குக் கண்ணு கூசுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குக் குஷி.

மார்ச் 5
போச்சு! நேற்று சிரித்த மும்முரத்தில் வலப்பக்கம் போகவேண்டிய மாவு மூட்டைகளை இடப்பக்கக் கம்பியில் ஏற்றிவிட்டேன். பெரிய கப்பல் மாவோடு போயே போய்விட்டது. சின்னக் கப்பலில் ரொட்டி சுட மாவில்லை.

வழுக்கையார் ரேடியோவில் வந்தார். "தலையக் கிண்டல் பண்ணீங்க, பொறுத்துக்கிட்டேன். பசங்க சாப்பாட்டுலயுமா விளையாட்டு?"

தெரியாமல் நடந்தது என்றேன். நம்பவில்லை. என்னை நானே நம்பமாட்டேனே, அவர் எப்படி நம்புவார்?

மார்ச் 6
பையனிடமிருந்து செய்தி. "அப்பா, பொண்ணு குடுக்க மாட்டேன்னுட்டாராம். கொஞ்ச நாள் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா?"

எதுக்குடா கெழவா உனக்கு இந்த நாக்கு?

மார்ச் 7
நாளைக்குச் சின்னக் கப்பல் எண்ணெய்க்கு வருகிறது. நம் கையிருப்பு மாவைக் கொடுக்கலாமா என்று எங்கள் கேப்டனம்மாவிடம் போய் நின்றேன்.

"குடுங்க பெரியவரே. ஆனா அலை ஜாஸ்தி. மூட்டை நனைஞ்சா பசைதான், சுவரொட்டி ஒட்டலாம்."

கிண்டலில் எனக்கே போட்டி! மாவை இறுக மூடும் பீப்பாய்களில் அடைத்தேன். அவர்கள் வந்ததும் சாப்பிடட்டும் என்று கொஞ்சம் ரொட்டியும் நானே பிசைந்து சுட்டேன்.

மார்ச் 8
பீப்பாய்களும் ரொட்டியும் வலப்பக்கமே போயின. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தேன். போனில், இரண்டு தளமும் கேட்கச் சொன்னேன்: "தப்பு என்னுதுதாங்க. விளையாட்டு இல்ல. மன்னிச்சுக்குங்க."

அவர் ரொட்டியை ஒரு கடி கடித்தார், உள்ளே போய்விட்டார்.

மார்ச் 10
யாரையும் கிண்டல் பண்ணலை. வயிறு உப்பினாற்போல் இருக்கு.

மார்ச் 13
சின்னக் கப்பல் மறுபடி வந்தது. வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தேன். போன் அடித்தது — வழுக்கையார்.

"நீங்க சுட்ட ரொட்டில ஒண்ணு மிச்சம் இருக்கு. பசங்க அத வெச்சு ஆணி அடிக்கிறாங்க. கல்யாணத்தன்னிக்கு அடுப்படிப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க சம்பந்தி."

இரண்டு தளமும் கொல்லென்று சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன் — உப்புக் காத்து.

இப்போது படுத்தபடி நல்ல பதில் ஒன்று தோன்றியிருக்கிறது. சொல்லமாட்டேன். முதலில் தாலி ஏறட்டும்.