மூன்றாம் எண் இருக்கையைப் பற்றி நான் கொடுத்த தவறான புகார்

அனுப்புநர்
மெஹபூப் பாஷா,
சோபா, மெத்தை தைக்கும் கடை,
பஜார் சாலை, மயிலாப்பூர், சென்னை – 4.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
மக்கள் சான்றிதழ் சேவைத் துறை,
தென்சென்னை.

பொருள்: இளநிலை உதவியாளர் திருமதி ஸ்வர்ணலதா அவர்களின் மருத்துவ விடுப்பு – என் புகாரின் பேரில் மறுக்கப்பட்டது – அப்புகார் தவறு என்று புகார் கொடுத்தவனே தெரிவிப்பது – உத்தரவை ரத்து செய்து விடுப்புக்கால ஊதியம் வழங்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. என் இணையவழிப் புகார், நாள் 18.07.2024.
2. தங்கள் அலுவலக உத்தரவு, நாள் 24.07.2024.
3. புகாரைத் திரும்பப் பெற நான் கொடுத்த மனுக்கள், நாள் 23.09.2024, 07.10.2024, 30.10.2024 (மூன்றுக்கும் உரிய பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

என் பெயரில் ஒரு புகார் தங்கள் கோப்பில் இருக்கிறது. அது தவறு என்று சொல்வதற்காக இரண்டரை மாதமாக அலைந்துகொண்டிருக்கிறேன். அந்தப் புகாரைக் கொடுக்க எனக்கு ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. அது தவறு என்று சொல்ல இது நான்காவது மனு. தயவுசெய்து கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

1. என் மகள் ஜுவேரியாவின் பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் 'ஜுவாரியா' என்று பிழையாக இருந்தது. கல்லூரியில் சேரும் நேரம் என்பதால் திருத்தம் கோரி, சென்ற ஏப்ரலில் ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள தங்கள் கிளை அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். மூன்றாம் எண் இருக்கையில் இருந்த திருமதி ஸ்வர்ணலதா விண்ணப்பத்தை வாங்கினார். நான் நிரப்பாமல் விட்ட ஓர் இடத்தைக் காட்டி, அங்கேயே நிரப்பச் சொல்லி, ரசீது கொடுத்தார். அன்று அவரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

2. ஜூன் மாத நடுவிலிருந்து ஜூலை மாத நடுவுக்குள் நான்கு முறை போனேன். நான்கு முறையும் மூன்றாம் எண் இருக்கை காலி. "மேடம் மெடிக்கல் லீவு" என்றார்கள். அவர் வேலையை வேறு யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. வரிசையில் நின்றவர்கள் கவர்ன்மென்ட் உத்தியோகம் என்றால் வீட்டில் படுத்துக்கொண்டே சம்பளம் வாங்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவர்களில் உரக்கப் பேசியவன் நான். மறைக்க விரும்பவில்லை.

3. ஜூலை 18 அன்று காலை, தெற்கு மாட வீதியில் திருமதி ஸ்வர்ணலதாவைப் பார்த்தேன். பூக்கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து, பூக்காரம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டு ரோஸ்மில்க் குடித்தார். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. செல்போனில் எடுத்திருந்த காணொளியை, 'நோயாளியைப் பாருங்கள் மக்களே, உங்கள் வரிப்பணம் ரோஸ்மில்க் குடிக்கிறது' என்று எழுதி வியாபாரிகள் வாட்ஸப் குழுவில் போட்டேன். அங்கிருந்து அது எங்கெங்கோ போனது. மாலைக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். அன்றே இணையத்தில் புகாரும் கொடுத்தேன். பொய்யாக நோய் சொல்லி ஊர் சுற்றுகிறார் என்பதே அதன் சாரம்.

4. ஐயா, என் மகளின் ஓர் எழுத்தைத் திருத்தத் தங்கள் துறைக்கு ஐந்து மாதம் ஆனது. என் புகாரின் மீது நடவடிக்கை எடுக்க ஆறு நாள்தான் ஆனது. 24.07.2024 தேதியிட்ட உத்தரவில் அவரது மருத்துவ விடுப்பு மறுக்கப்பட்டது. ஜூன் 10 முதல் அவர் அனுமதியின்றிப் பணிக்கு வராதவராகக் கருதப்பட்டுச் சம்பளம் நிறுத்தப்பட்டது. குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் போனது. என்னை யாரும் அழைத்து ஒரு கேள்வி கேட்கவில்லை. இணையத்தில் என் புகாருக்கு நேராக, 'தீர்வு காணப்பட்டது. மனுதாரர் திருப்தி' என்று வந்தது. அன்று எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

5. செப்டம்பர் 17 அன்று சான்றிதழ் வாங்கப் போனேன். அலுவலக உதவியாளர் திரு. அம்மாசி என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: "நீதானே அந்த வீடியோ பாய்? சோபா கடைதானே வச்சிக்கினு கீற? வா, இந்தச் சேர்ல அஞ்சு நிமிசம் குந்து. அந்த அக்கா ஒம்பது வருசம் குந்திக்கினு இருந்துச்சு."

உட்கார்ந்தேன். நாற்காலி என் தொழில். ஓராண்டில் நூறு நாற்காலியாவது என் கையில் பிரிந்து சேரும். அந்த இருக்கையில் பஞ்சு என்று ஒன்று இல்லை. உள்ளே பலகை இடப்பக்கமாகப் பிளந்து இறங்கியிருந்தது. முதுகுத் தாங்கியின் திருகுகள் கழன்று, அது கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. ஒரு காலுக்கு அடியில் செங்கல் துண்டு. அதில் உட்காருபவர் இடுப்பை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டுதான் எழுத முடியும். என்னால் ஐந்து நிமிடம் தாங்கவில்லை, எழுந்துவிட்டேன். "ஆப்பரேசன் ஆயி வீட்ல கெடந்துச்சு அக்கா. நீ எட்த்துப் போட்ட படத்துல ஊரே காறித் துப்புச்சு" என்றார் அம்மாசி. புதிய நாற்காலி கேட்டு திருமதி ஸ்வர்ணலதா மூன்று முறை எழுதிக் கொடுத்ததாகவும், நிதி ஒதுக்கீடு இல்லை என்று திரும்பியதாகவும் சொன்னார்.

6. அன்று கடைக்குத் திரும்பியதும் செல்போனில் இருந்த முழுக் காணொளியை மறுபடி பார்த்தேன். அதன் நீளம் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. நான் பரப்பியது பின்பாதி மட்டுமே. முன்பாதியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார். இரண்டு இடத்தில் நின்று இடுப்பில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். பூக்காரம்மா ஓடிவந்து தோளைத் தாங்கி ஸ்டூலில் உட்கார வைக்கிறார். அந்தப் பகுதியை வெட்டியவன் நான். அது எனக்கு உபயோகப்படாது என்று தெரிந்தே வெட்டினேன்.

7. செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, ஆதம்பாக்கத்தில் உள்ள அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் கணவர் திரு. ரகுபதி, நான் யார் என்று சொன்னதும் வழி விடாமல் நின்றார். உள்ளேயிருந்து திருமதி ஸ்வர்ணலதாதான், "வரட்டும், விடுங்க" என்றார். இடுப்பில் மருத்துவ பெல்ட் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றுகொண்டே பேசினார். அவர் உட்காராததால் நானும் உட்காரவில்லை.

முதுகுத் தண்டில் டிஸ்க் என்னும் தட்டு நழுவி ஜூன் மாதம் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. மயிலாப்பூரில் உள்ள பிசியோதெரபி நிலையத்துக்கு வாரம் இரண்டு நாள் வந்திருக்கிறார். பயிற்சி முடிந்ததும் கொஞ்ச தூரம் நடந்து, உட்கார்ந்து, மறுபடி நடக்க வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. எழுத்தில் இருக்கிறது, பார்த்தேன். நான் படம் பிடித்தது அந்த நடையை.

மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது இது: "மன்னிப்பை வச்சு நான் என்ன சார் பண்றது? எழுத்துல குடுத்தீங்க. தப்புன்னு எழுத்துலயே குடுங்க. என் பொண்ணு ஸ்கூல்ல அந்த வீடியோவப் பாத்திருக்காங்க. உங்கம்மா திருடியாடின்னு கேட்டிருக்காங்க." பிறகு, "உங்க பொண்ணு சர்டிஃபிகேட் வந்துச்சா? ஜுவேரியாதானே? லீவு போறதுக்கு முந்தின வேலை நாள் சாயந்திரம் உட்கார்ந்து அந்த ஃபைலை எழுதி மேல அனுப்பிட்டேனே" என்று கேட்டார்.

மறுநாள் கோப்பில் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜூன் 7. அவர் சொன்னது சரி. அதன் பிறகு மூன்று மாதம் அது யார் மேசையில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. தெரிந்தால் கோபம் வரும். இன்னொருவர் மேல் புகார் எழுத எனக்குத் தெம்பில்லை.

8. புகாரைத் திரும்பப் பெற நான் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

(அ) இணையத்தில் 'என் புகார் தவறு' என்று சொல்லத் தலைப்பே இல்லை. குடிநீர், சாலை, தெருவிளக்கு, ஊழியர் மீது புகார், மற்றவை என்று இருக்கிறது. 'மற்றவை' வேலை செய்யவில்லை. வேறு வழியில்லாமல் 'தெருவிளக்கு' என்பதன் கீழ் முழு விவரத்தையும் எழுதினேன். நான்கு நாளில், 'களஆய்வு செய்யப்பட்டது. விளக்கு நன்றாக எரிகிறது' என்று பதில் வந்தது.

(ஆ) நேரில் இரண்டாவது மனு கொடுத்தேன். பிரிவுக் கண்காணிப்பாளர் படித்துவிட்டு, "ஆக்‌ஷன் எடுத்து க்ளோஸ் பண்ணின கேஸ் பாய் இது. உங்களுக்கு ஏன் வம்பு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தம்மா எவ்ளோ குடுத்துச்சு?" என்று கேட்டார். ஐயா, நான் பொய் எழுதியபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

(இ) மூன்றாவது மனுவுக்கு நோட்டரி கையொப்பத்தோடு பிரமாணப் பத்திரம், மூன்று நகல், ஆதார் நகல் கேட்டார்கள். கொடுத்தேன். புகார் கொடுத்தபோது என் செல்போன் எண் மட்டும் போதுமானதாக இருந்தது.

(ஈ) முழுக் காணொளியை அதே வாட்ஸப் குழுவில் போட்டேன். அறுபத்து மூன்று பேர் பார்த்தார்கள். "பாய் விலை போயிட்டாரு" என்று ஒருவர் எழுதினார்.

9. மருத்துவக் குழு முன் ஆஜராகும்படி திருமதி ஸ்வர்ணலதாவை மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு முறை மர பெஞ்சில் நான்கு மணி நேரம் காக்க வைத்து, மருத்துவர் வரவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 28 அன்று, நோய் உண்மை, ஆறு மாத ஓய்வு தேவை என்று அக்குழுவே சான்று கொடுத்துவிட்டது. அப்படியும் விடுப்பை ஏற்காததற்குத் தங்கள் அலுவலகம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பொதுமக்கள் புகார் இருக்கிறது. அந்தப் பொதுமக்கள் நான் ஒருவன்தான். நானே வந்து தவறு என்கிறேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

10. ஓய்வு முடியும் முன்பே, வீட்டு நிலைமை தாங்காமல் அவர் நவம்பர் 4 அன்று பணிக்குத் திரும்பிவிட்டார். அதே நாற்காலியில்தான் உட்காருகிறார். அதை என் செலவில் பழுது பார்த்துத் தருகிறேன் என்று போய்க் கேட்டேன். அரசுச் சொத்தில் தனியார் கை வைக்க அனுமதி இல்லை என்றார்கள்.

11. மனுவுக்கு அவசியமில்லாத ஒன்றையும் எழுதுகிறேன். அவர் விடுப்பு எனக்கு ஏன் அவ்வளவு எரிந்தது என்று யோசித்துப் பார்த்தேன். என் கடையில் பதினோரு ஆண்டாகத் தைக்கும் கபாலி மஞ்சள் காமாலையில் ஒன்பது நாள் படுத்தார். அந்த ஒன்பது நாளுக்கு நான் கூலி தரவில்லை. நான் விழுந்தால் எனக்கும் யாரும் தரப்போவதில்லை. எங்களுக்கு இல்லாதது இவருக்கு மட்டும் எதற்கு என்பதுதான் என் எரிச்சல். என் மனைவி அஃப்சருன்னிசா உருதுவில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: "உங்களுக்கு இல்லையென்றால் உங்களுக்கும் வேண்டும் என்று கேட்க வேண்டியதுதானே? இருக்கிறவள் தட்டை ஏன் பிடுங்கினீர்கள்?" அதன் பிறகு கபாலிக்கு அந்த ஒன்பது நாள் கூலியைக் கொடுத்தேன். எதற்கு என்று தெரியாமல் அவர் முழித்தார்.

12. ஆகவே நான் வேண்டுவது: 24.07.2024 தேதிய உத்தரவை ரத்து செய்து, ஜூன் 10 முதல் நவம்பர் 3 வரையிலான காலத்தை மருத்துவ விடுப்பாக ஏற்று, நிறுத்திய சம்பளத்தை வழங்க வேண்டும். குற்றச்சாட்டுக் குறிப்பாணையைக் கைவிட வேண்டும். என் புகாருக்கு நேராக உள்ள 'மனுதாரர் திருப்தி' என்ற சொற்களை நீக்க வேண்டும், ஏனென்றால் மனுதாரர் திருப்தியாக இல்லை. பொய்ப் புகாருக்குத் தண்டனை என்று விதியில் ஏதும் இருந்தால் அதை எனக்குக் கொடுக்கலாம், நான் எதிர்வழக்காட மாட்டேன். உட்காரத் தகுந்த ஒரு நாற்காலியும் அவருக்குத் தர வேண்டும்.

13. அவர் மீதான விசாரணை டிசம்பர் 12, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு என்று அறிகிறேன். சாட்சிப் பட்டியலில் என் பெயர் இல்லை. என் புகாரை வைத்து நடக்கும் விசாரணையில் நான் பேசக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. என்னைச் சாட்சியாக அழைக்க வேண்டுகிறேன். அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், அன்று கடையைப் பூட்டிவிட்டுப் பத்து மணிக்கே முழுக் காணொளியோடு வந்துவிடுவேன். உள்ளே விடாவிட்டால், அவர் விசாரணை முடிந்து வெளியே வரும் வரை வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.

காலம் தாழ்த்தாமல் ஆவன செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மயிலாப்பூர், சென்னை
நாள்: 04.12.2024

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) மெஹபூப் பாஷா

இணைப்பு: முழுக் காணொளி அடங்கிய பென் டிரைவ் – 1, பிரமாணப் பத்திரம் – மூன்று நகல், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள், தெருவிளக்கு பற்றிய பதில் உட்பட.