நாளைய கழுதை

குடைநகர், செவ்வாய்க் கோள்
தேர்தலுக்கு ஆறு நாள் முன், காலை 9:10

இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் கார்வண்ணன், வயது பதினாறு, சோடாப்புட்டிக் கண்ணாடி. பரிமளா அக்காவின் தேர்தல் அலுவலகத்தில் கணினிக் காவலன். அக்கா ஜெயித்தால் காற்று ஆலை பூமிக்காரர்கள் கையிலிருந்து நகரத்துக்கு வரும். அதனால் பூமியின் ஒற்றர்கள் எங்கள் கணினிக்குள் நுழையத் துடிக்கிறார்கள். ஓட்டு கேட்கும் இடத்தில் ஓட்டை கூடாது. கடவுச்சொல்லைக் கடவுளே கேட்டாலும் சொல்லக் கூடாது.

ஒற்றர்கள் அனுப்புவதைப் போலவே தினமும் ஒரு போலிக் கடிதம் அனுப்பிச் சோதிப்பேன். அதிலுள்ள இணைப்பை ஏமாந்து தொட்டால் திரையில் ஒரு கழுதை வந்து கனைக்கும். கிண்டல் வசனம் எழுதுவது நான், கழுதை வரைவது ஜெசிந்தா. மூன்றாம் வகுப்பிலிருந்து பெஞ்சில் ஒன்றாக ஏறி நின்றவர்கள் நாங்கள்.

இன்று விழுந்தவர்கள்: நால்வர்.

ஐந்து நாள் முன், மாலை 4:30

விழுந்தவர்கள்: பதினேழு பேர்! பிரசார மேலாளர் பொன்னுரங்கம் மாமாவின் செய்தி: "டேய் வாலு, தெரிஞ்சேதான் தொட்டேன். கழுதைக்கு இன்னிக்கு என்ன வேஷம்னு பாக்கணும்ல!"

எல்லோரும் அப்படித்தானாம். பாதுகாப்பு தோற்றது, பரிகாசம் ஜெயித்தது. திட்டியிருக்க வேண்டும். பெருமையாக இருந்தது.

நாளைய கழுதைக்கு மாமாவின் முறுக்கு மீசை. ஜெசிந்தாவும் நானும் மட்டும் பார்த்துச் சிரித்தோம்.

நான்கு நாள் முன், காலை 8:40

அலுவலகமே சிரிக்கிறது. எல்லாத் திரையிலும் மீசைக் கழுதை.

நான் இன்னும் அனுப்பவில்லை.

அதே நாள், 8:55

நகரத்தின் எல்லா ஒலிபெருக்கியிலும் அக்காவின் குரல்: "மக்களே, நான் போட்டியிலேருந்து விலகிக்கிறேன். மன்னிச்சிருங்க."

அக்கா என் எதிரில் வாய் நிறைய பன்னோடு உட்கார்ந்திருந்தார். விலகல் கடிதம் அவர் முத்திரையோடு தேர்தல் ஆணையத்துக்குப் போய்விட்டது. மறுக்கலாமென்றால் அலுவலகக் கணினி எதுவும் எங்களுக்கே திறக்கவில்லை; முத்திரையில்லாத மறுப்பை ஆணையம் ஏற்காது.

அதே நாள், பிற்பகல் 2:00

எங்கள் ஆட்களே என்னை என் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மாமாவின் செய்தி: "கழுதை உன்னோடதுதானே? வேற யாருடா பாத்தா?"

பார்த்த கண்கள் நான்கு. இரண்டு என்னுடையவை. நான் பெயர் சொல்லவில்லை.

ஜெசிந்தாவுக்கு எழுதினேன்: "நீ இல்லன்னு சொல்லு. போதும். நம்பிடுறேன்."

பதில் இல்லை. அவளுக்கு இரண்டு வரி தட்ட இரண்டு விநாடி கூட ஆகாது.

தேர்தல் நாள், மாலை 6:20

பூமியின் ஆள் போட்டியின்றி ஜெயித்தான். அக்காவுக்கு வேலை செய்தவர்களின் அறைகளில் காற்று பாதியானது. என் அறையில் மட்டும் குறையவில்லை. இப்போது வந்தது அவள் பதில்:

"வண்ணா, உன் ரூமுக்குக் காத்தைக் கொறைக்க மாட்டோம்னு அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டேன். கோவிச்சுக்காதடா."

கதவுக்கு வெளியே மாமா இருமுகிறார். என்னைப் பூட்டியவர்களே பூட்டைத் திறந்து உள்ளே வருகிறார்கள். அக்காவும். ஏன் என் அறையில் மட்டும் காற்று என்று யாரும் கேட்கவில்லை. பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

6:45

இன்னொன்று அனுப்பியிருக்கிறாள். தொட்டேன். புதுக் கழுதை. சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருக்கிறது. நன்றாகவே வரைந்திருக்கிறாள்.

கீழே வசனத்துக்கு இடம் விட்டிருக்கிறாள். அது என் வேலைதானே.

இன்று விழுந்தவர்: ஒருவர்.