முப்பத்தாறுக்கு மேல்

பிப்ரவரி 9

ஸ்டுடியோவில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒரே ஒரு சுருள்தான் இருந்தது. போன வருடம் இதே விலைக்கு இரண்டு வாங்கினேன். "ஏன் இப்படி ஏறுது?" என்றேன். "வாங்குறவங்க குறைஞ்சுட்டாங்க சார், அதான்," என்றார் ஸ்டுடியோக்காரர். வாங்க ஆளில்லாவிட்டால் விலை இறங்கும் என்று பள்ளியில் படித்த ஞாபகம். வாதாடவில்லை, வாங்கிக்கொண்டேன். அடுத்தது எப்போது வரும் என்று அவருக்கே தெரியாதாம்.

மகள் மே மாதம் வெளிநாட்டு வேலைக்குப் போகிறாள், மூன்று வருடத்துக்கு. "ஃபோன்ல ஆயிரம் படம் இருக்கு, யார் பாக்குறா? நீங்க எடுத்து அனுப்புங்கப்பா, ரூம் சுவர்ல மாட்டிக்கிறேன்" என்கிறாள்.

முப்பத்தாறு படம், மூன்று மாதம். போதும்.

பிப்ரவரி 10

ஃபிலிமைக் கேமராவில் மாட்டினேன். எப்போதும் நுனியை நன்றாக இழுத்துச் செருகுவேன். அதில் ஒரு படம் வீணாகும். இன்று துளியூண்டு இழுத்து மூடிவிட்டேன். ஒரு படம் லாபம்.

மார்ச் 3

மகள் ஜன்னலோரம் தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்படியே இரு என்றேன். மேகம் விலகட்டும் என்று காத்திருந்தேன். "எடுங்கப்பா, கழுத்து வலிக்குது." மேகம் விலகவில்லை, நானும் எடுக்கவில்லை.

மார்ச் 21

படம் 14. புதுக் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, மின்விசிறிக்குக் கீழே நிற்கிறாள். விலைச்சீட்டு கையில் தொங்குகிறது. இது ஒன்றே போதும், போட்ட காசு வந்துவிட்டது.

ஏப்ரல் 6

"என்னையும் ஒண்ணு எடுங்களேன்," என்றாள் மனைவி. உன்னை அப்புறம் எப்ப வேணாலும் எடுத்துக்கலாமே என்றேன். சாதத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் சொன்னதில் என்ன தப்பு? ஃபிலிம் விற்கிற விலையில்...

மே 18

போய்விட்டாள். வாசலில் எடுத்தது 36. ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளிப் பார்த்தேன், நகர்ந்தது! கார் கதவருகே 37, கையசைக்கும்போது 38. எல்லாம் அந்தச் சிக்கனத்தின் பலன். வெறும் தெருவை 39 என்று எடுத்தேன். கண் கலங்கியதால் ஃபோகஸ் சந்தேகம்தான்.

மே 19

அவள் செருப்பு 40. காலி அலமாரி 41.

நாற்பத்தொன்றா?

லீவரைத் தள்ளினால் மேலே இருக்கும் குமிழும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை. கேமராவின் பின்மூடியைத் திறந்தேன். துளியூண்டு நுனி, ஃபிலிமை இழுக்கும் பல்சக்கரத்தில் மாட்டாமல் சும்மா கிடக்கிறது. சுருள் அப்படியே டப்பிக்குள் இருக்கிறது. மூன்று மாதமாக வெறும் சத்தத்தைத்தான் எடுத்திருக்கிறேன்.

ஒரு படம்கூட இல்லை. ஒரு படம்கூட வீணாகவும் இல்லை. என்னை எதால் அடிப்பது? அந்தக் கோட்டு, கையில் அந்தச் சீட்டு... போச்சே, எல்லாம் போச்சே.

மே 23

ஃபோனில் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்போ என் கழுத்து வலி?" என்றாள். அந்தக் கோட்டுப் படம் போச்சே என்றேன்.

"விடுங்கப்பா. என் மூஞ்சியைத்தான் தினம் கண்ணாடியில பாக்குறேனே. அம்மாவை எடுத்து அனுப்புங்க."

மே 25

ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டார். யாரோ கேட்கிறார்களாம், படம் எடுக்காத சுருள் இருந்தால் இன்றைய விலைக்கு எடுத்துக்கொள்வாராம். இல்லை என்றேன்.

நுனியை நன்றாக இழுத்து மாட்டினேன். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மேகம்தான். எடுத்தேன், குமிழ் சுற்றியது. முறைத்தபோது எடுத்தேன், சிரித்தபோது எடுத்தேன், மூக்கைச் சொறிந்தபோதும் எடுத்தேன். முப்பதைத் தாண்டியதும் அவளுக்கே பொறுக்கவில்லை.

"போதுங்க! ஃபிலிம் என்ன விலை விக்குது தெரியுமா?"

தெரியாது என்றேன்.